அயல்நாடு செல்லும் ஆவணங்களும் அந்தமான் தீவுகளும்

(அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

இந்தியாவின் தென்கோடி எது என்று கேட்டால், கன்னியாகுமரி என்று விடை கூறுவோரே மிகுதி. பெருநிலப்பரப்பைப் பொறுத்தவரை அவ்விடை சரியானதே. ஆனால், நாட்டின் எல்லை முழுவதையும் கணக்கில் கொண்டால், பெரிய நிக்கோபார் தீவின் இந்திரா முனையே தென்கோடியாகும். அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்திரா தீவு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால், பெரிய நிக்கோபாரின் முக்கிய ஊராகிய காம்ப்பெல் பேயிலிருந்து யூனியன் பிரதேசத்தின் தலைநகரை அடைவதற்கு 500 கிலோமீட்டருக்கும் மேலாகக் கடல்வழிப் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. தலைநகரிலிருந்து சென்னைத் துறைமுகம் மேலும் ஏறக்குறைய 1,190 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

காம்ப்பெல் பேயில் பிறந்த ஒருவர், தம் பிறப்புச் சான்றிதழைச் சுமத்திராவில் உள்ள ஓர் அலுவலகத்தில் சமர்ப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சான்றிதழ் தெற்கே கடலைக் கடப்பதற்கு முன்னால், வடக்கே தலைநகருக்கும், அங்கிருந்து சென்னை, கொல்கத்தா, டில்லி ஆகிய நகரங்களில் ஒன்றுக்கும் சென்று முத்திரை பெற்று வர வேண்டும். இத்தனை பெரிய சுற்றுவழி எதற்காக? அதில் எந்தப் பகுதி இன்றியமையாதது, எந்தப் பகுதி குறைக்கக்கூடியது? அயல்நாடுகளில் கல்வியும் வேலையும் தேடும் இளைஞர்களின் எண்ணிக்கை பெருகியுள்ள இந்நாளில், இவ்வினாக்களுக்கு விடை காண்பது நிர்வாகத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.

முத்திரையை நம்புவது எவ்வாறு?

ஓர் அரசு ஆவணத்தின் மதிப்பு, அதில் உள்ள கையொப்பத்தையும் முத்திரையையும் பார்ப்பவர் நம்புவதைப் பொறுத்தது. இந்தியாவிற்குள் இந்த நம்பிக்கைக்கு அரசியலமைப்பே உறுதி தருகிறது. ஒன்றியமும் மாநிலங்களும் செய்யும் பொதுச் செயல்களுக்கும் பதிவேடுகளுக்கும் நீதிமன்ற நடவடிக்கைகளுக்கும் நாடெங்கும் முழு நம்பிக்கையும் மதிப்பும் அளிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 261ஆம் பிரிவு கூறுகிறது. எனவே, மாயாபந்தரில் பிறப்பைப் பதிவு செய்யும் அலுவலரின் கையொப்பத்தை மதுரையில் உள்ள பள்ளி ஏற்றுக்கொள்கிறது.

நாடுகளுக்கிடையே இத்தகைய பொது அரசியலமைப்பு கிடையாது. மாயாபந்தர் பதிவாளர் யார், அவருடைய முத்திரை எத்தகையது என்பதை மாட்ரிட் நகரத்து அலுவலர் அறிந்திருக்க வழியில்லை. ஆகவே, அறியாத கையொப்பத்தை அறிந்த கையொப்பத்தோடு இணைக்கும் ஒரு சங்கிலி தேவைப்பட்டது. பதிவாளரின் கையொப்பத்தை மாநிலத் தலைமைச் செயலக அலுவலர் உறுதி செய்தார். அவருடைய கையொப்பத்தை வெளியுறவு அமைச்சகம் உறுதி செய்தது. அமைச்சகத்தின் முத்திரையை டில்லியில் உள்ள அயல்நாட்டுத் தூதரகம் உறுதி செய்தது. சில நாடுகளில் அத்தூதரகத்தின் முத்திரையையும் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் மீண்டும் ஒருமுறை உறுதி செய்தது. இவ்வாறு ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தைய கண்ணிக்கு மட்டுமே சாட்சி கூறியது. இம்முறையைச் சட்டமுறைச் சான்றுறுதி எனலாம். இதில் செலவும் காலதாமதமும் அதிகம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1961ஆம் ஆண்டின் உடன்படிக்கை

இந்தச் சங்கிலியைக் குறுக்கும் நோக்கத்துடன் 1961 அக்டோபர் 5 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. அது 1965 ஜனவரி 24 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, ஆவணம் தோன்றிய நாட்டின் அதிகாரம் பெற்ற அமைப்பு ஒரே ஒரு சான்றை இணைத்தால் போதும். உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடுகள் தூதரக முத்திரையை வற்புறுத்தாமல் அந்த ஆவணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றுக்கு 'அப்போஸ்டில்' என்று பெயர். ஓரத்தில் எழுதும் குறிப்பு என்பது இந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள்.

அப்போஸ்டில் சான்றின் வடிவம் எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. குறைந்தது 9 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம். பிரெஞ்சு மொழியில் தலைப்பு. வரிசை எண்ணிட்ட 10 விவரங்கள். ஆவணம் எந்த நாட்டைச் சேர்ந்தது, கையொப்பமிட்டவர் யார், எந்தப் பதவியில் இருந்து கையொப்பமிட்டார், எந்த முத்திரை உள்ளது என்பவை முதல் நான்கு. எவ்விடத்தில், எந்த நாளில், யாரால், எந்த எண்ணில் சான்றளிக்கப்பட்டது என்பவை அடுத்த நான்கு. சான்றளித்தவரின் முத்திரையும் கையொப்பமும் இறுதி இரண்டு. வழங்கிய ஒவ்வொரு சான்றையும் பதிவேட்டில் குறித்து வைக்க வேண்டும் என்றும் உடன்படிக்கை விதித்திருக்கிறது. ஐயம் எழுமானால், எண்ணையும் நாளையும் கூறிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நீதிமன்ற ஆவணங்கள், நிர்வாக ஆவணங்கள், நோட்டரி ஆவணங்கள், தனிப்பட்டோர் கையொப்பமிட்ட தாள்களில் அரசு அலுவலர் இட்ட சான்றுகள் ஆகியவை இந்த உடன்படிக்கையின்கீழ் வருகின்றன. தூதரக அலுவலர்கள் தயாரித்த ஆவணங்களுக்கும், வணிகம் அல்லது சுங்கத்தோடு நேரடியாகத் தொடர்புடைய நிர்வாக ஆவணங்களுக்கும் இது பொருந்தாது.

இந்தியா 2004 அக்டோபர் 26 அன்று இந்த உடன்படிக்கையில் இணைந்தது. 2005 ஜூலை 14 முதல் நம் நாட்டில் இது நடைமுறையில் உள்ளது. புதிதாக இணையும் நாட்டைக் குறித்து ஏற்கெனவே உள்ள உறுப்பு நாடுகள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அவ்வாறு தெரிவித்தால், அந்த இரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செயற்படாது. இந்தியா இணைந்தபோது ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகள் ஆட்சேபம் தெரிவித்தன. அவற்றுள் சில பின்னர் விலக்கிக்கொண்டன. எனவே, ஒரு நாடு உறுப்பினர் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அந்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் இடையே உடன்படிக்கை செயலில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை பெருகியுள்ளது. ஓமன் 2012இலும், பஹ்ரைன் 2013இலும், பிலிப்பைன்ஸ் 2019இலும், சிங்கப்பூர் 2021இலும், இந்தோனேசியாவும் சவூதி அரேபியாவும் 2022இலும், சீனா 2023இலும், கனடா 2024இலும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. இந்தியத் தொழிலாளர் பெருமளவில் செல்லும் ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகிய நாடுகள் 2024 வரை இதில் சேரவில்லை. அந்நாடுகளைப் பொறுத்தவரை, வெளியுறவு அமைச்சகச் சான்றுக்குப் பிறகு தூதரக முத்திரை பெறும் பழைய முறையே பின்பற்றப்பட்டு வந்துள்ளது.

இந்தியாவில் நடைமுறை

இந்தியாவில் அப்போஸ்டில் வழங்கும் அதிகாரம் மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் உள்ளது. ஆனால், நாடெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான பதிவாளர்கள், வட்டாட்சியர்கள், பல்கலைக்கழகப் பதிவாளர்கள் ஆகியோரின் மாதிரிக் கையொப்பங்களை அமைச்சகம் வைத்திருக்க இயலாது. ஆகவே, ஒவ்வொரு மாநிலத்திலும் யூனியன் பிரதேசத்திலும் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர் முதலில் சான்றொப்பமிட வேண்டும். அவருடைய கையொப்பத்தை அமைச்சகம் அறியும். பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், உறுதிமொழிப் பத்திரங்கள் முதலியன உள்துறை அல்லது பொதுத் துறை வழியாகவும், கல்விச் சான்றிதழ்கள் கல்வித் துறை வழியாகவும், வணிக ஆவணங்கள் வணிகர் சங்கங்களின் வழியாகவும் வருகின்றன.

2012 முதல் தனிப்பட்டோரின் ஆவணங்கள் அங்கீகாரம் பெற்ற முகமைகளின் வழியாகப் பெறப்படுகின்றன. 2019 முதல் இப்பணி டில்லியோடு நில்லாமல் சென்னை, கொல்கத்தா உள்ளிட்ட நகரங்களுக்கும் பரவலாக்கப்பட்டது. அப்போஸ்டிலுக்கு அரசு நிர்ணயித்துள்ள கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய். முகமையின் சேவைக் கட்டணம் தனி. ஆக, முத்திரையின் விலை மிகக் குறைவு. முத்திரை இருக்கும் இடத்திற்குச் செல்வதற்கு ஆகும் செலவே பெரிது. பெருநிலப்பரப்பில் வாழ்வோருக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகப் புலப்படுவதில்லை; தீவுகளில் வாழ்வோருக்கு அது நன்கு புலப்படுகிறது.

ஒரு மாணவர், மூன்று ஆவணங்கள்

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டம் 8,249 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 3,80,581. இந்தச் சிறிய மக்கள்தொகை வடக்கே திக்லிப்பூர் முதல் தெற்கே காம்ப்பெல் பே வரை பரவிக் கிடக்கிறது. தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி முதலிய மொழிகளைப் பேசுவோர் இங்கே அடுத்தடுத்து வாழ்கின்றனர்.

இத்தீவுகளில் பிறந்து, அங்கேயே பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்ற ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். மேற்படிப்புக்காக ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் அவரிடம் பிறப்புச் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் அப்போஸ்டிலுடன் கேட்கிறது. மூன்றும் ஒரே மனிதருடையவை. மூன்றையும் அவர் ஒரே தீவிலேயே கைக்கொண்டார். எனினும், மூன்றின் வேர்களும் மூன்று இடங்களில் உள்ளன. பிறப்புச் சான்றிதழ் தீவு நிர்வாகத்தின் பதிவாளர் வழங்கியது. தீவுப் பள்ளிகள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு இணைந்தவை ஆதலால், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழின் மூலப்பதிவு அவ்வாரியத்திடம் உள்ளது. 1967இல் தொடங்கப்பெற்ற ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி நீண்ட காலம் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தமையால், அக்காலத்துப் பட்டங்களில் உள்ளது புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பதிவாளரின் கையொப்பமே.

சான்றுறுதி முறையின் அடிப்படை விதி, ஆவணம் எங்கே வழங்கப்பட்டதோ அங்கிருந்தே சங்கிலி தொடங்க வேண்டும் என்பதாகும். ஆவணத்தை வைத்திருப்பவரின் முகவரி இதில் கணக்கில் வருவதில்லை. இவ்விதியை அறியாத மாணவர் மூன்றையும் ஒரே அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். சில வாரங்களுக்குப் பிறகு, இரண்டு ஆவணங்கள் தம் எல்லைக்கு உட்பட்டவை அல்ல என்ற குறிப்புடன் திரும்பி வரும். அதற்குள் பல்கலைக்கழகம் குறித்த கடைசி நாள் கடந்திருக்கக் கூடும். இங்கே எந்த அலுவலரும் தவறு செய்யவில்லை. விதி மீறப்படவும் இல்லை. ஆயினும், ஒரு மாணவரின் ஓராண்டு வீணாகிறது. முதல் நாளிலேயே ஒரு பக்க அளவில் விளக்கக் குறிப்பு கொடுத்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

முத்திரை சொல்லாதது

அப்போஸ்டிலைப் பற்றி மக்களிடையே நிலவும் பெரிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. முத்திரை பெற்ற ஆவணத்தில் கண்ட செய்தி அனைத்தும் உண்மை என்று அரசு உறுதி கூறுவதாகப் பலர் கருதுகின்றனர். அப்போஸ்டில் அவ்வாறு எதுவும் கூறுவதில்லை. கையொப்பம் உண்மையானது, கையொப்பமிட்டவர் குறிப்பிட்ட பதவியில் இருந்தார், முத்திரை அவருடைய அலுவலகத்துக்குரியது என்ற மூன்றை மட்டுமே அது உறுதி செய்கிறது. பிறந்த தேதி சரியா, பட்டம் முறையாகப் பெற்றதா என்பனவற்றுக்கு அது பொறுப்பேற்பதில்லை. இதனால்தான், அப்போஸ்டில் பெற்ற பட்டத்தையும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் வழங்கிய பல்கலைக்கழகத்திடம் மீண்டும் விசாரித்து அறிகின்றன.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. சங்கிலியில் ஆவணத்தின் உள்ளடக்கத்தைப் பார்த்து எழுதுபவர் ஒருவரே. அவர் முதல் கையொப்பமிடும் உள்ளூர் அலுவலர். அவருக்கு மேலே உள்ளோர் அனைவரும் கையொப்பத்தைப் பார்த்துக் கையொப்பமிடுவோர். முதல் பதிவில் பெயர் பிழையாக எழுதப்பட்டால், மேலே எத்தனை முத்திரைகள் ஏறினாலும் அப்பிழை நீங்காது; அத்தனை முத்திரைகளையும் சுமந்துகொண்டு அப்பிழையும் அயல்நாடு செல்லும்.

பெயர்களின் சிக்கல்

தமிழர்களைப் பொறுத்தவரை இந்தப் பிழை பெரும்பாலும் முதலெழுத்தில் தோன்றுகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுவது தமிழர் வழக்கம். பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்தாக உள்ளது, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயராக விரிகிறது. அயல்நாட்டுப் படிவத்தில் அதுவே குடும்பப் பெயராகிறது. இவை மூன்றும் ஒருவரே என்பது தமிழ்நாட்டு எழுத்தருக்கு எளிதில் விளங்கும். வெளிநாட்டு அலுவலருக்கு அது மூன்று வேறு மனிதர்களாகத் தோன்றலாம்.

அந்தமானில் மனிதரின் பெயரோடு ஊரின் பெயரும் சிக்கலாகியுள்ளது. 2018 டிசம்பர் 30 அன்று ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும், ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும் பெயர் மாற்றம் பெற்றன. 2024 செப்டம்பர் 13 அன்று தலைநகர் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என மாற்றுவதாக மத்திய அரசு அறிவித்தது. ஹேவ்லாக்கில் பிறந்து, போர்ட் பிளேரில் பயின்ற ஒருவர், இன்று ஸ்வராஜ் தீவில் வாழ்ந்து ஸ்ரீ விஜயபுரத்தில் பணியாற்றக் கூடும். அவர் எங்கும் குடிபெயரவில்லை. ஆவணங்களில் மட்டும் நான்கு ஊர்கள் உள்ளன. பழைய ஆவணத்தில் பழைய பெயர் இருப்பது குற்றமன்று. அதைத் திருத்த வேண்டிய அவசியமும் இல்லை. பெயர் மாற்றத்தைக் கூறும் அரசு அறிவிப்பின் சான்றளிக்கப்பட்ட படியை உடன் இணைப்பதே தக்க வழியாகும்.

பிழையான பதிவைத் திருத்துவதற்கும் சட்டம் வழி வகுத்துள்ளது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, மூலப் பதிவை அழிக்காமல் அதன் ஓரத்தில் திருத்தத்தை எழுதிப் பதிவாளர் கையொப்பமும் தேதியும் இட வேண்டும். ஓரக் குறிப்பு என்ற பொருளுடைய அப்போஸ்டில் சிறப்பாகப் பயன்பட வேண்டுமாயின், பதிவேட்டின் ஓரத்தில் உள்ள இந்தக் குறிப்பும் சரியாக இருக்க வேண்டும். சான்றிதழின் மீது பேனாவால் திருத்துவதோ, வெண்மை பூசி எழுதுவதோ ஆவணத்தையே செல்லாததாக்கிவிடும்.

கடல் கொண்ட காகிதங்கள்

இந்தியா ஹேக் உடன்படிக்கையில் இணைந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்த நிலையில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இத்தீவுகளைத் தாக்கியது. கார் நிக்கோபார், கச்சால், பெரிய நிக்கோபார் முதலிய தீவுகளில் கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. உயிர்களும் வீடுகளும் போன இடத்தில் பெட்டிகளில் இருந்த காகிதங்களும் போயின. கச்சால் தீவில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்டிருந்தன என்பது இங்கே நினைவுகொள்ளத் தக்கது. 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியோர், பர்மாவிலிருந்து திரும்பியோர் ஆகியோரும் தீவு மக்களில் அடங்குவர். இத்தகைய குடும்பங்களின் மூத்தோருக்குப் பிறப்புப் பதிவு மற்றொரு நாட்டில் இருக்கும். அல்லது எங்குமே இராது.

ஒருவரிடம் இருந்த சான்றிதழ் தொலைந்தால், பதிவேட்டிலிருந்து மற்றொரு படி பெறலாம். பதிவேடே இல்லையென்றால் படிக்கு இடமில்லை. ஒரு பிறப்பை 21 நாள்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஓராண்டுக்கு மேல் தாமதமானால், உரிய அதிகாரியின் விசாரணையும் ஆணையும் இருந்தாலன்றிப் பதிவு செய்ய இயலாது. 2023ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறப்புச் சான்றிதழின் முக்கியத்துவம் மேலும் கூடியுள்ளது. ஆகவே, பிறந்த சில நாள்களில் நிரப்பப்படும் ஒரு படிவம், 20 ஆண்டுகளுக்குப் பின்னர் அக்குழந்தை கடல் கடந்து செல்லுமா என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் பெற்றுள்ளது எனலாம்.

ஆவணத்தை எதிர்நோக்கும் குடும்பம்

இது மேற்படிப்பை நாடுவோருக்கு மட்டும் உரிய செய்தி என்று கருதலாகாது. வளைகுடா நாடு ஒன்றில் பணியாற்றிய தொழிலாளி ஒருவர் விபத்தில் இறந்துவிட்டதாகக் கொள்வோம். ரங்கத்தில் வாழும் அவருடைய மனைவிக்கு நிலுவை ஊதியமும் இழப்பீடும் கிடைக்க வேண்டுமானால், வாரிசுச் சான்றிதழும், அயல்நாட்டில் அவர் சார்பாகச் செயற்படுவோருக்கு அளிக்கும் அதிகாரப் பத்திரமும் தேவைப்படும். வாரிசுச் சான்றிதழில் வருவாய்த் துறை அலுவலரின் கையொப்பம் வேண்டும். அதிகாரப் பத்திரத்தில் நோட்டரியின் முத்திரை வேண்டும். பின்னர்த் தலைநகரில் நிர்வாகத்தின் சான்றொப்பம், அதன் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் சான்று, உடன்படிக்கையில் சேராத நாடாயின் தூதரக முத்திரை என்று வரிசை நீள்கிறது.

கணவரின் பெயர் கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் திருமணச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்தால், இந்த வரிசை மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் வேலையை விட்டு, பிள்ளைகளை உறவினரிடம் விட்டுத் தலைநகர் வர வேண்டும். அவருக்குச் சேர வேண்டிய தொகை சட்டப்படி அவருடையதே; எனினும், அது அவர் கைக்கு வரும் நாளை ஒரு முத்திரை தீர்மானிக்கிறது. இடைத்தரகர்கள் தோன்றுவது இத்தகைய நெருக்கடியில்தான். 50 ரூபாய்ச் சேவைக்குப் பல்லாயிரம் கேட்போரும், போலி முத்திரையை இட்டுத் தருவோரும் அறியாமையையும் அவசரத்தையும் முதலீடாகக் கொண்டு பிழைக்கின்றனர்.

எதிர்த்திசையில் வரும் ஆவணங்களுக்கும் விதிகள் உண்டு. அயல்நாட்டில் உள்ள இந்தியர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு, 1948ஆம் ஆண்டின் தூதரக அலுவலர்கள் சட்டத்தின்கீழ் இந்தியாவில் மதிப்பு உண்டு. ஆனால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். உறுப்பு நாடுகளிலிருந்து அப்போஸ்டிலுடன் வரும் ஆவணங்களை நம் அலுவலகங்களும் மறுமுத்திரை கேட்காமல் ஏற்க வேண்டும். பிறர் நம் முத்திரையை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாடு, பிறருடைய முத்திரையையும் மதிப்பது முறையாகும்.

செய்யத்தக்கவை

ஹேக் உடன்படிக்கை சங்கிலியின் கடைசிக் கண்ணியான தூதரகத்தை நீக்கியது. 2019ஆம் ஆண்டின் ஏற்பாடு நடுக் கண்ணியை டில்லியிலிருந்து சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் அருகில் கொண்டுவந்தது. எஞ்சியிருப்பது முதல் கண்ணி. தீவின் கிராமத்திலிருந்து தீவின் தலைநகர் வரையிலான தொலைவு. அதைக் குறைப்பதற்குப் புதிய உடன்படிக்கையோ புதிய சட்டமோ தேவையில்லை. உள்ளூர் நிர்வாகத்தின் ஒழுங்கே போதும்.

முதலாவதாக, ஒவ்வொரு சான்றிதழிலும் கையொப்பத்தின் கீழே அலுவலரின் பெயர், பதவி, தேதி ஆகியவை படிக்கத்தக்க வகையில் இருக்க வேண்டும். கீற்றுக் கையொப்பமும் தெளிவற்ற முத்திரையும் தீவுக்குள் செல்லுபடியாகலாம். சான்றொப்பமிடும் அலுவலரால் அவற்றை ஒப்பிட இயலாது.

இரண்டாவதாக, அலுவலர்கள் மாற்றப்படும்போது, புதியவரின் மாதிரிக் கையொப்பம் அன்றே தலைமைச் செயலகத்துக்குச் செல்ல வேண்டும். பெருநிலப்பரப்பிலிருந்து வந்து குறுகிய காலம் பணியாற்றித் திரும்பும் அலுவலர்கள் உள்ள தீவுகளில் இது மிக முக்கியம். மாதிரிக் கையொப்பம் வந்து சேராத காரணத்தால் காத்திருக்கும் விண்ணப்பம், அலுவலகத்தின் தவறுக்காகக் குடிமகன் செலுத்தும் அபராதமாகும்.

மூன்றாவதாக, கார் நிக்கோபார், காம்ப்பெல் பே, மாயாபந்தர், திக்லிப்பூர் முதலிய இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களிலேயே ஆவணங்களைப் பெற்று, அலுவலகத் தபாலில் தலைநகருக்கு அனுப்பித் திருப்பித் தரும் ஏற்பாடு பயன் தரும். மனிதர் பயணம் செய்வதற்குப் பதிலாகத் தபால் பை பயணம் செய்யலாம்.

நான்காவதாக, மின்னணு வசதிகளை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். சென்னையையும் இத்தீவுகளையும் இணைக்கும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அது தலைநகரோடு நில்லாமல் கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார், சிறிய அந்தமான், ரங்கத் முதலிய இடங்களையும் தொடுகிறது. வழங்கிய அமைப்பே மின்வழியில் ஆவணத்தைச் சரிபார்த்து, அமைச்சகம் சான்றளிக்கும் இ-சனத் என்ற திட்டமும் 2017 முதல் உள்ளது. ஆனால், மின்வழியில் சரிபார்க்க வேண்டுமானால் மூலப் பதிவேடு மின்வடிவில் இருந்தாக வேண்டும். கம்பிவடம் கடலைக் கடந்து வந்துவிட்டது. பழைய பதிவேடுகள் இன்னும் அலமாரியைக் கடக்கவில்லையெனில் பயன் இல்லை. தீவின் பதிவேட்டுக்குப் பெருநிலப்பரப்பில் ஒரு மின்படி இருப்பது, மற்றொரு பேரலைக்கு எதிரான காப்பும் ஆகும்.

ஐந்தாவதாக, எந்த ஆவணம் எங்கே செல்ல வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் என்பதைத் தமிழ், வங்காளம், இந்தி, தெலுங்கு, நிக்கோபாரி முதலிய மொழிகளில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பள்ளிகளிலும் படகுத் துறைகளிலும் வைக்க வேண்டும்.

மாணவர்கள் செய்யத்தக்கவையும் சில உண்டு. பட்டம் பெற்ற உடனேயே எல்லாச் சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேறுபாடு இருந்தால், வேலை ஆணை வருவதற்கு முன்னரே முறைப்படி திருத்திக்கொள்ள வேண்டும். மூலச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிடக் கூடாது. ஒட்டிய தாளில் முத்திரை பதிய இடமில்லை. செல்லவிருக்கும் நாடு உடன்படிக்கையில் உள்ளதா என்பதை அறிந்த பின்னரே எந்த முகமைக்கும் பணம் செலுத்த வேண்டும்.

ஒரு நாட்டின் வளர்ச்சியைச் சாலை, துறைமுகம், மின்சாரம் ஆகியவற்றால் அளப்பது வழக்கம். ஒரு குடிமகன் தன் பிறப்பையும் கல்வியையும் உலகின் எந்த மூலையிலும் தடையின்றி நிறுவ முடிகிறதா என்பதும் அதற்கு ஓர் அளவுகோலாகும். காம்ப்பெல் பேயில் பிறந்தவரின் சான்றிதழ் சுமத்திராவை அடையச் சென்னை வழியாகச் செல்ல நேர்வது இன்றைய ஏற்பாட்டில் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அந்தச் சான்றிதழோடு அவரும் இத்தனை தொலைவு அலைய வேண்டியது தவிர்க்க முடியாதது அன்று. அவரை அலையவிடாமல் காக்கும் பணி, தீவின் ஒரு சிறிய அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து முதல் வரியை எழுதும் எழுத்தரின் மேசையில் தொடங்குகிறது.